கண்ணை மூடினால் சாய்கிறவர்

நாமக்கல் மாவட்டத்தில் எருமப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வடக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். வாசலைத் தாண்டினால் முட்டைக்கோழிக் கொட்டகை. வீட்டுப் பெரியவருக்கு நான்கு மாதத்துக்கு முன் வலது பக்கம் வாதம் அடித்தது. இப்போது பேச்சு தெளிந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடி வலது காலை ஓங்கி உதைக்கிறார். ஊன்றுகோலோடு கொட்டகை வரைக்கும் நடக்கிறார். ஒருநாள் காலையில் பொடக்காலியில் நின்று, சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்து, சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிறார். அடுத்த நொடி உடம்பு முன்னால் சரிகிறது. மருமகள் ஓடிவந்து பிடித்திராவிட்டால் தொட்டி விளிம்பில் நெற்றி மோதியிருக்கும்.

"கால்ல பலம் பத்தலைங்க, நல்லா சாப்பிட்டாச் சரியாப் போயிரும்" என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் கண்ணை மூடுவதற்கும் கால் பலத்துக்கும் என்ன சம்பந்தம்? இமை மூடிய நொடியில் தொடைத் தசை இளைத்துவிடுவதில்லையே. கண்ணைத் திறந்தால் நிற்கும் அதே கால், மூடினால் ஏன் நிற்க மறுக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி ஏன் தனியாக வேண்டும், அது ஏன் படிப்படியாகக் கடினமாக வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

சின்னப் பிள்ளைகள் விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடுவார்கள். விளக்குமாறு சாயும் பக்கமாகக் கை ஓடிக்கொண்டே இருக்கும். கை நின்றால் விளக்குமாறு விழும். மனித உடம்பு நிற்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நம் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணினால், அந்த ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்துச் சுமையைத் தாங்க நமக்கு இருப்பது இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் மட்டுமே. இதைத் தாங்குதளம் என்று சொல்லலாம். மையத்திலிருந்து கீழே தொங்கவிட்ட தூக்குக் குண்டு தாங்குதளத்துக்குள் விழும்வரை நிற்போம். விளிம்பைத் தாண்டினால் கால் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழ வேண்டும். லாரி கட்டும் நாமக்கல் பகுதியில் இதை விளக்கத் தேவையில்லை. வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி வளைவில் ஏன் கவிழ்கிறது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

அசையாமல் நிற்கிறேன் என்று நாம் நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சின்னச் சாய்வையும் கண்டுபிடித்து, கணுக்கால் தசையை அந்த அளவுக்கு இறுக்கி, மறுபடி நேராக்குவது மூளையின் ஓயாத வேலை. நிற்பது என்பது தொடர்ந்து விழப்போவதும் தொடர்ந்து தடுக்கப்படுவதும்தான்.

சாய்கிறோம் என்று மூளைக்கு யார் சொல்வது? மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். கண் ஒன்று. உட்செவியில் தலையின் அசைவையும் சாய்வையும் அறியும் உறுப்பு இன்னொன்று. மூன்றாவது, பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் செய்தி. பார்க்காமலே நம் கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தெரிகிறதே, அந்த உணர்வு. இதை உறுப்புநிலை உணர்வு என்போம். பஞ்சாயத்தில் மூன்று பேரின் வாக்குமூலத்தையும் கேட்டு முடிவு சொல்வதுபோல, மூளை மூன்றையும் எடைபோட்டுத் தீர்ப்பு சொல்கிறது. இருட்டில் கண்ணின் சாட்சி எடுபடாது. அப்போது பாதத்தின் பேச்சுக்கு மதிப்புக் கூடும். ஓடும் படகில் பாதத்தின் பேச்சை அப்படியே நம்ப முடியாது.

கண்ணின் சாட்சி எவ்வளவு வலிமையானது என்பதை 1974-இல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். ஒரு சின்ன அறை. தரை அசையாது, சுவர்களும் கூரையும் மட்டும் நகரும். அப்போதுதான் நடக்கத் தொடங்கிய குழந்தைகளை உள்ளே நிறுத்திச் சுவரை மெதுவாக நகர்த்தினார்கள். குழந்தைகள் தள்ளாடினார்கள், பலர் விழுந்தே விட்டார்கள். காலுக்கடியில் எதுவும் மாறவில்லை. கண் "நீ சாய்கிறாய்" என்றது, மூளை அதை நம்பி எதிர்ப்பக்கம் சாய்த்தது. புதிதாக நிற்கக் கற்கிறவர்கள் கண்ணை அதிகம் நம்புகிறார்கள் என்று இதற்குப் பொருள்.

பக்கவாதம் வந்தவரும் ஒருவகையில் புதிதாக நிற்கக் கற்கிறவரே. மூளையில் இரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பகுதி சேதமாகும்போது தசைக்குப் போகும் கட்டளை மட்டும் கெடுவதில்லை. பாதத்திலிருந்து வரும் செய்தியைப் படிக்கும் இடமும் பலருக்குக் கெட்டுப்போகிறது. மூன்று சாட்சிகளில் ஒருவர் பாதி ஊமையாகிவிடுகிறார். மூளை கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிடுகிறது. பொடக்காலியில் சோப்பு நுரையில் கண்ணை மூடியபோது நம் பெரியவர் இழந்தது அந்த ஒரே பிடிமானத்தை.

சாட்சி சொன்னால் மட்டும் போதாது, தீர்ப்பு நேரத்துக்கு வர வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பேருந்தில் தினமும் போகிறவர்களைப் பாருங்கள். வளைவு வருமுன்பே உடம்பைச் சற்று உள்பக்கம் சாய்த்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர் வளைவு வந்த பிறகு கம்பியைத் தேடுவார். நம் உடம்பு எல்லாச் செயலிலும் பழைய பயணியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. 1967-இல் சோவியத் ஆய்வாளர்கள் பெலென்கி, குர்ஃபிங்கெல், பால்த்செவ் மூவரும், நிற்கிறவரைக் கையை வேகமாக உயர்த்தச் சொல்லித் தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். கைத்தசை துடிப்பதற்கு முன்பே கால் தசைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. கை உயர்ந்தால் உடம்பு முன்னால் இழுபடும் என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இதை முன்னேற்பாட்டுச் சமநிலை எனலாம். பக்கவாதத்துக்குப் பிறகு இந்த முன்னேற்பாடு தாமதமாகிறது. அதனால்தான் பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கை நீட்டும்போது தடுமாற்றம் வருகிறது. காலைப் படுத்தபடி உதைத்துப் பார்த்துப் பலத்தை அளப்பதால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

இன்னும் விசித்திரமான ஒரு நிலை உண்டு. சிலர் உட்கார்ந்திருக்கும்போது, நல்ல கையாலும் நல்ல காலாலும் தம்மையே வாதம் அடித்த பக்கமாகத் தள்ளிக்கொள்வார்கள். நேராக்கப் போனால் பயந்து எதிர்த்துத் தள்ளுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பிடிவாதம் என்று தோன்றும்; கோபம்கூட வரும். ஜெர்மனியில் ஹான்ஸ்-ஓட்டோ கார்நாத்தும் சக ஆய்வாளர்களும் 2000-இல் இப்படிப்பட்டவர்களைச் சாயும் நாற்காலியில் இருட்டில் உட்காரவைத்து, "நேராக இருப்பதாகத் தோன்றும்போது சொல்லுங்கள்" என்றார்கள். உடம்பு சுமார் 18 பாகை சாய்ந்திருந்தபோது அவர்கள் "இப்போது நேராக இருக்கிறேன்" என்றார்கள். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி இடம் மாறிவிட்டால் அவர் கட்டும் சுவர் எப்படி இருக்கும்? அவர் கையில் பிழை இல்லை. கருவியே கோணலாகிவிட்டது.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. இவர்கள் கண்ணால் பார்த்து எது செங்குத்து என்று சொல்வதில் பிழை இல்லை. உடம்பு உணரும் நேர் கெட்டிருக்கிறது, கண் காணும் நேர் கெடவில்லை. ஆகவே இவரை இழுத்து நிமிர்த்துவதைவிட, எதிரே வாசல் நிலையைக் காட்டி, "அதோட ஒப்பிட்டுப் பாருங்க, நீங்க எந்தப் பக்கம் சாஞ்சிருக்கீங்க?" என்று கேட்பதே பயிற்சியின் முதல் படி.

இனிப் பயிற்சிக்கு வருவோம். சைக்கிள் கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். முதலில் குரங்கு பெடல், அப்புறம் பாருக்கு மேலே, கடைசியில் சீட்டு. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மாமாவோ அண்ணனோ ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை எடுத்திருப்பார். கடைசிவரை கேரியரைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தால் நீங்கள் இன்றைக்கும் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டீர்கள். தொடக்கத்திலேயே விட்டிருந்தால் முழங்கால் உடைந்து சைக்கிளையே வெறுத்திருப்பீர்கள். சமநிலைப் பயிற்சியின் முழு நுணுக்கமும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

சேதமான மூளைப்பகுதி மறுபடி முளைப்பதில்லை. ஆனால் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் உள்ள இணைப்புகள் மாறி, இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்கக்கூடியவை. மூளை நெகிழ்திறன் என்பது இதுதான். அந்த மாற்றத்தைத் தூண்டுவது பிழை. சாய்கிறோம், உணர்கிறோம், திருத்துகிறோம். இந்தச் சுற்று நடந்தால்தான் மூளைக்குப் பாடம். கால் நடுங்குகிறதே என்று நாம் பதறும் அந்த நடுக்கத்தில்தான் கற்றல் நடந்துகொண்டிருக்கிறது. மருமகள் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டால் சாய்வே ஏற்படாது. திருத்தவும் ஒன்றும் இருக்காது. பாசத்தோடு பிடிக்கும் கை பயிற்சியைத் தானே செய்துவிடுகிறது.

ஆகவே முதல் படி உட்கார்ந்தபடி. கயிற்றுக் கட்டில் வேண்டாம், நடுவில் தொய்ந்து உடம்பைக் குழிக்குள் இழுக்கும். உறுதியான பெஞ்சு, பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். எதிரே ஒரு சொம்பு, கைக்கு எட்டும் தூரத்தில். பிறகு எட்டாத தூரத்தில், இடுப்பைச் சாய்த்தால் மட்டும் எட்டும்படி. பிறகு வாதப் பக்கத்து ஓரத்தில். எளிமையாகத் தெரியும் இந்த வேலைக்கு ஆதாரம் உண்டு. 1997-இல் சிட்னியில் கேத்தரின் டீனும் ராபர்ட்டா ஷெப்பர்டும், பக்கவாதம் வந்து குறைந்தது ஓராண்டு கடந்த 20 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு இரண்டு வாரம் இப்படிக் கைநீட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கூடுதல் தூரம் எட்டினார்கள், வேகமாக எட்டினார்கள். எட்டும்போது வாதப் பக்கத்துக் காலில் எடையும் கூடுதலாக ஊன்றினார்கள். கைக்குக் கொடுத்த வேலையில் கால் கற்றுக்கொண்டது. ஓராண்டு ஆகிவிட்டது, இனி என்ன என்று கைவிட்டவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

அடுத்து எழுந்து நிற்பது. பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் நல்ல காலிலேயே எடையைச் சுமப்பார்கள். இரண்டு எடை எந்திரங்களை அருகருகே வைத்து எந்திரத்துக்கொரு காலாக ஏற்றினால் வித்தியாசம் முள்ளிலேயே தெரியும். பார்த்துப் பார்த்து எடையை மாற்றப் பழகலாம். நிற்கும் இடம் சுவர் மூலையாக இருக்கட்டும், முன்னால் ஒரு கனமான நாற்காலி. பின்னாலும் பக்கத்திலும் சுவர், முன்னால் பிடிமானம். விழ இடமில்லை, ஆட இடமுண்டு. துணைக்கு நிற்பவர் வாதப் பக்கத்தில் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். வாதக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு நழுவித் தீராத வலி வந்துவிடும். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, கையை அதன் பக்கத்தில் வைத்திருந்தால் போதும்.

இனிக் கடினத்தைக் கூட்டுவது. இங்கே நான்கைந்து திருகுகள் நம் கையில் இருக்கின்றன. ஒருநாளைக்கு ஒன்றை மட்டும் கொஞ்சம் திருக வேண்டும். தாங்குதளத்தைக் குறுக்கலாம்: கால் அகட்டி நிற்பது, சேர்த்து நிற்பது, ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து நிற்பது. தரையை மாற்றலாம்: சிமெண்டுத் தரை, நான்காக மடித்த போர்வை, மண் வாசல், கடைசியில் வரப்பு. கைப்பிடியைக் குறைக்கலாம்: இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல் நுனி. விரல் நுனி எடையைத் தாங்காது. ஆனால் சாய்வைச் சொல்லும் நான்காவது சாட்சியாக இருக்கும்.

கண்ணும் ஒரு திருகு. பிரான்சில் இசபெல் போனானின் குழு 2004-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 20 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கண்ணைத் திறந்தும் மற்றதற்குக் கண்ணை மறைத்தும் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணை மறைத்துப் பயின்றவர்களின் சமநிலை கூடுதலாக மேம்பட்டது. பிடித்துக்கொண்டிருந்த ஒரே சாட்சியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பியதும், மூளை மற்ற இரண்டு பேரின் முணுமுணுப்பைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்குகிறது. பொடக்காலிப் பிரச்சினைக்கு மருந்து பொடக்காலியிலேயே இருக்கிறது என்றாலும், அந்த ஈரத்தரையில் தொடங்க வேண்டாம். சுவர் மூலையில், ஐந்து எண்ணும்வரை கண்ணை மூடுவதில் தொடங்கலாம். அதுவரை முகம் கழுவுவது ஸ்டூலில் உட்கார்ந்தே நடக்கட்டும்.

எந்தத் திருகை எப்போது திருகுவது? கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும், ஆனால் பத்து முறை செய்தால் பெரும்பாலான முறை தானே மீள வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் படி எளிது. ஒவ்வொரு முறையும் பிடிக்க வேண்டியிருந்தால் படி உயரம். இதைக் கண்ணால் கணிப்பதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும். கனடாவில் கேத்தரின் பெர்க் 1989-இல் வெளியிட்ட அளவுகோல் உலகெங்கும் இயன்முறை மருத்துவர்களின் கையில் இருக்கிறது. பிடிமானமில்லாமல் உட்காருவது, கண்ணை மூடி நிற்பது, தரையிலிருந்து பொருளை எடுப்பது, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று 14 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. எங்கே தொடங்க வேண்டும் என்பதை இந்தத் தாள் சொல்லிவிடும்.

குடும்பமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியாதா? இந்தியாவில் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்னின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதிப் பேரின் வீட்டில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

எனக்கு இது ஏமாற்றமளித்த முடிவு. ஆனாலும் மதிக்கத்தக்க முடிவு, ஏனென்றால் அந்த ஆய்வு நாம் கேட்க விரும்பாததைச் சொல்கிறது. அன்பும் ஒருமுறை கற்ற பாடமும் போதவில்லை. நான் இதை இப்படிப் படிக்கிறேன்: கற்றுக்கொடுத்த படி முதல் வாரத்துக்குப் பொருந்தும், ஐந்தாவது வாரத்துக்குப் பொருந்தாது. திருகைத் திருக மறுபடி மறுபடி ஒரு தேர்ந்த கண் வேண்டும். அவசரமும் ஆகாது. 2015-இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வில் 2,104 பேரைப் பார்த்தார்கள். வாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி எழுப்பி நடமாடவைத்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். எப்போது தொடங்குவது என்பது மருத்துவர் முடிவு.

தேர்ந்த கண் வீடு தேடி வருவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. இயன்முறை மருத்துவர் வரும் நாளில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காமல், "அடுத்த படி எது? எது நடந்தா அடுத்ததுக்குப் போகலாம்? எது நடந்தா நிறுத்தணும்?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடி வரும்வரை இடைப்பட்ட நாட்கள் எல்லாம் வீட்டாருடையவை. அந்த நாட்களில் நடக்கும் நூற்றுக்கணக்கான சின்னச் சாய்வுகள்தான் மூளைக்குப் பாடம்.

கடைசித் திருகு மனம். 1997-இல் ஸ்வீடனில் லில்லெமூர் லுண்டின்-ஊல்சனும் சக ஆய்வாளர்களும் முதியோர் இல்லத்தில் ஒரு சாதாரண விஷயத்தைக் கவனித்தார்கள். கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தால் சிலர் பதில் சொல்ல நின்றுவிடுகிறார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களில் பெரும்பாலோர் விழுந்தார்கள். நடப்பதற்கே மனம் முழுவதும் செலவாகிவிட்டால் பேச்சுக்கு மிச்சமில்லை. நம் பெரியவருக்கும் இப்போது அந்த நிலைதான். காலியான முட்டை அட்டையை இரண்டு கையிலும் ஏந்தி, கொட்டகையிலிருந்து திண்ணை வரை நடக்கிறார். மருமகள் பின்னால் வாதப் பக்கமாக வருகிறாள், கை இடுப்புப் பட்டைக்கு அருகில், ஆனால் தொடாமல்.

"மாமா, இன்னைக்கு முட்டை வெலை எவ்ளோங்க?"

அவர் நிற்கிறார். யோசிக்கிறார். விலையைச் சொல்கிறார். பிறகு நடக்கிறார். நாளைக்கும் அவள் அதையே கேட்பாள். நாமக்கல் விலை நாளுக்கு நாள் மாறுவது என்பதால் மனப்பாடமாகச் சொல்லவும் முடியாது. அவர் நிற்காமல், நடந்தபடியே விலையைச் சொல்லும் நாளில் அட்டையில் முதல் முட்டையை வைக்கலாம்.